மிலாறு எங்களுக்கு

கவ்வாத்து வெட்டத் தெரியாதவன் கையில் கத்தியைக் கொடுத்தால் என்ன ஆகும் என்று எங்கள் தோட்டத்தில் எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும். கத்தி சாய்வாக இறங்க வேண்டும். ஒரே வீச்சில் வெட்டு முடிய வேண்டும். தட்டையாக வெட்டினால் வெட்டுவாயில் மழைத் தண்ணீர் தேங்கும். தேங்கினால் கட்டை அழுகும். அழுகின கட்டை அடுத்த தலைமுறைக்குக் கொழுந்து தராது. செடி மூச்சுவிட ஒன்றிரண்டு கிளையை விட்டுவைக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு மலையைக் கவ்வாத்து வெட்டிவிட்டால் அடுத்த நாலைந்து வருசத்துக்கு அந்த மலைப்பக்கம் கத்தி போகக்கூடாது. வெள்ளைக்காரத் துரை காலத்திலிருந்து இதுதான் சட்டம். தேயிலைச் செடிக்கு இருக்கிற இந்த மரியாதை இலங்கையின் அரசியல் யாப்புக்குக் கிடைக்கவில்லை.

1978 செப்டெம்பர் 7இல் அதை நட்டார்கள். வேர் பிடிக்குமுன்பே, அதே வருசம் நவம்பரில், முதல் வெட்டு விழுந்தது. 1979இல் ஒன்று. 1982இல் இரண்டு. 1983இல் மூன்று. இப்படியே 1988 முடிவதற்குள் 15 வெட்டு. 12ஆம் திருத்தம் என்று ஒன்று பேரேட்டில் உண்டு, செடியில் இல்லை, அது நிறைவேறவேயில்லை. 2022இல் 22ஆம் திருத்தம் என்று பெயர் வைத்து விவாதித்ததை 21 என்று சான்றுபடுத்தினார்கள். எங்கள் கணக்கப்பிள்ளை செக்ரோல் என்ற சம்பளப் பதிவேட்டில் இப்படி எண் மாற்றி எழுதியிருந்தால் பிரட்டுக் களத்திலேயே சங்கத் தலைவர் பிடித்துக்கொண்டிருப்பார்.

எப்படித் திருத்துகிறார்கள் என்பதைத் தோட்டத்துப் பாஷையில் சொல்லிப் பார்க்கிறேன். கொழும்புச் சட்டத்தரணிகள் சிரித்தால் சிரிக்கட்டும்.

யாப்பின் 82ஆம் உறுப்புரை பார்வைக்கு நல்ல பிள்ளை. யாப்பைத் திருத்துவதென்றால் சட்டமூலத்தின் நீளத் தலைப்பிலேயே ‘இது யாப்பைத் திருத்தும் சட்டமூலம்’ என்று எழுதியிருக்க வேண்டும். எந்த ஏற்பாட்டை எடுக்கிறோம், எதை வைக்கிறோம் என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். வேறு சட்டத்தின் மடியில் ஒளித்துக் கொண்டுவர முடியாது. பிறகு 225 பேரில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 150 கை, வேண்டும். வந்தவர்களில் மூன்றில் இரண்டு போதாது; வராதவனையும் வெளிநாட்டுக்குச் சுற்றுலா போனவனையும் சேர்த்து மொத்தத்தில் மூன்றில் இரண்டு.

எங்களுக்கும் இப்படி ஓர் எண் உண்டு. ஒரு நாளுக்கு 18 கிலோ கொழுந்து, சில தோட்டங்களில் 20. அதை எட்டினால்தான் பேர், அதாவது முழுநாள் கூலி, விழும். ஒரு கிலோ குறைந்தாலும் அரைப்பேர். காலை ஏழரைக்கு மலையில் ஏறி, அட்டை கடித்த காலோடு பின்னேரம் இறங்குகிற பொம்பளை ஒரு கிலோ குறைவுக்காகப் பாதி ஆளாகிவிடுகிறாள். பாராளுமன்றத்தில் கை குறைந்தால் யாருக்கும் அரைப்பேர் விழுவதில்லை. பக்கத்துக் கட்சி மலையில் போய் இரவோடிரவாகக் கொழுந்து ஆய்ந்து நிரப்பிக்கொள்கிறார்கள். ஆய்ந்த கொழுந்துக்கு அமைச்சுப் பதவி என்று கைக்காசும் உண்டு.

82க்கு அடுத்த வீட்டில் 83 இருக்கிறது. அது பூட்டுப்போட்ட அலமாரி. சில உறுப்புரைகளைத் தொட வேண்டுமானால் 150 கை மட்டும் போதாது, நாட்டு மக்களிடமும் போய் வாக்குக் கேட்க வேண்டும். அலமாரிக்குள் என்னென்ன இருக்கின்றன? தேசியக் கொடி இருக்கிறது, தேசிய கீதம் இருக்கிறது, தேசிய தினம் இருக்கிறது, பௌத்தத்துக்கு முதன்மை இடம் இருக்கிறது. தமிழும் ஆட்சிமொழி என்று சொல்கிற 18ஆம் உறுப்புரை? அது அலமாரிக்கு வெளியே, திண்ணையில் கிடக்கிறது. கொடியில் சிங்கத்தின் வாலை ஓர் அங்குலம் நீட்டுவதற்கு நாடு முழுக்க வரிசையில் நிற்க வேண்டும். என் மொழியை எடுப்பதற்கு, யாப்பின் எழுத்துப்படி, 150 கை போதும்.

84 இன்னும் ருசியானது. மூன்றில் இரண்டு கையில் இருந்தால் யாப்பைத் திருத்த வேண்டிய சிரமம்கூட இல்லை. யாப்புக்கு முரணான சட்டத்தை முரணாகவே நிறைவேற்றலாம். மீறலாம், ஆனால் முறைப்படி மீற வேண்டும். உலகத்தில் திருடனுக்கு விண்ணப்பப் படிவம் அச்சடித்துக் கொடுத்த யாப்பு இது ஒன்றாகத்தான் இருக்கும்.

இத்தனையும் தாண்டி ஒரு சட்டமூலம் தப்பு என்று உங்களுக்குத் தோன்றினால் உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம். ஆனால் அது சட்டமாவதற்கு முன்னால், அதுவும் யாப்பு அளந்து கொடுத்த ஒரு சில நாட்களுக்குள், போக வேண்டும். சபாநாயகர் சான்றுக் கையெழுத்தைப் போட்டுவிட்டால் அதற்குப் பிறகு எந்த நீதிமன்றமும் அந்தச் சட்டம் செல்லுமா என்று கேட்க முடியாது. 80ஆம் உறுப்புரையின் மூன்றாவது பந்தி இது.

இதைப் படித்தபோது எனக்குப் புதிதாக ஒன்றும் தோன்றவில்லை. நான் வளர்ந்ததே இந்தப் பந்திக்குள்தான். கொழுந்து மடுவத்தில் அம்மா சாக்கைக் கொக்கியில் மாட்டுவாள். முள் ஆடி நிற்குமுன்பே கணக்கப்பிள்ளை ஒரு கண்ணால் பார்த்து “பதினாலு” என்பார். “அய்யா, சாக்கு நெறஞ்சி கட்டுக்கூடப் போட முடியலீங்களே, பதினாலுதானுங்களா?” என்பாள் அம்மா. “தண்ணிக்கு ரெண்டு, சாக்குக்கு ஒண்ணு கழிச்சாச்சி. மழயில ஆஞ்சா தண்ணிக் கொழுந்துதான? அடுத்த ஆளு வா.” எழுதியாகிவிட்டது. எழுதியதற்குப் பிறகு தராசைக் கேள்வி கேட்க முடியாது. மழை பெய்தது அம்மாவின் குற்றம். பெரிய துரையிடம் போகலாம்தான். ஆனால் நிறுப்பதற்கு முன்னால் போயிருக்க வேண்டும்.

யாப்பை இத்தனை தடவை வெட்டினார்களே, எதற்காக? நான் கோபத்தில் மிகைப்படுத்துவதாக நினைப்பவர்கள் வரிசையைப் பார்க்கட்டும். முதல் வெட்டு ஒரு நீதிமன்றத் தீர்ப்பைச் செல்லாக்காசாக்க: முன்னாள் பிரதமர் ஸ்ரீமாவோ பண்டாரநாயக்காவுக்கு எதிரான விசாரணைக்கு மேன்முறையீட்டு நீதிமன்றம் குறுக்கே நின்றது, அதனால் யாப்பே மாறியது. மூன்றாவது வெட்டு, ஜே. ஆர். ஜெயவர்தன தனக்கு நல்ல நேரம் பார்த்து ஜனாதிபதித் தேர்தலை முன்கூட்டியே வைத்துக்கொள்ள. நான்காவதுதான் கவ்வாத்தில் சிகரம். 1977இல் 168 இடங்களில் 140ஐ வென்ற கட்சிக்கு மறுபடி தேர்தலுக்குப் போக மனமில்லை. தேர்தலையே வெட்டிவிட்டார்கள். இருந்த பாராளுமன்றம் 1989 வரை அப்படியே இருக்கலாமா என்று 1982 டிசம்பர் 22இல் மக்களிடம் கேட்டார்கள். ஆம் என்றால் விளக்கு. இல்லை என்றால் குடம். 54.7 வீதம் விளக்கு எரிந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று ஆளும் கட்சி உறுப்பினர்களிடம் திகதி போடாத இராஜினாமாக் கடிதங்களையும் வாங்கி ஜே. ஆர். பெட்டியில் வைத்துக்கொண்டார். பெரிய கங்காணிமார் ஆட்களின் துண்டுச் சீட்டை மடியில் முடிந்து வைத்திருந்த கதையை எங்கள் பாட்டன்மார் சொல்லியிருக்கிறார்கள். கங்காணித்தனம் ஒழிந்துவிட்டது என்று சொன்னவர் யார்?

இந்த வாக்கெடுப்புக்கு ‘சர்வஜன வாக்கெடுப்பு’ என்று பெயர். சர்வஜனம் என்றால் எல்லா மக்களும். அன்றைக்கு எங்கள் லயத்தில் பாதிப் பேருக்கு வாக்கில்லை, அவர்கள் நாடற்றவர்கள். விளக்கா குடமா என்று யாரும் அவர்களைக் கேட்கவில்லை. வீட்டில் எரிந்தது குப்பிவிளக்கு. குடம் பீலிக்கரையில் வரிசையில் கிடந்தது.

ஆறாம் திருத்தம் 1983 ஜூலைக் கலவரம் முடிந்த மறுவாரமே வந்தது. வீடு எரிந்தவனுக்கு நட்டஈடு வருமுன் ‘தனிநாடு கேட்கமாட்டேன்’ என்ற சத்தியப்பிரமாணம் வந்தது. சாம்பல் சூடாறவில்லை. எட்டாவது, ஜனாதிபதி சட்டத்தரணி என்ற பட்டத்தை யாப்பில் ஏற்ற. பதின்மூன்றாவது மாகாண சபைகளைக் கொடுத்தது என்பார்கள்; கொடுத்ததுதான். எங்கள் மத்திய மாகாண சபைக்குக் கடைசியாக வாக்குப் போட்டது 2013இல். 2018இல் அதன் காலம் முடிந்தது. ஆளுநர் இருக்கிறார், கட்டடம் இருக்கிறது, சபை இல்லை. மாகாண சபை அத்தியாயத்தைத் திருத்துவதென்றால் மாகாண சபைகளின் கருத்தைக் கேட்க வேண்டும் என்று யாப்பு சொல்கிறது. யாரிடம் போய்க் கேட்பது, காவல்காரரிடமா?

2001இல் வந்த 17ஆவது திருத்தம் ஜனாதிபதியின் கையைக் கொஞ்சம் கட்டியது. 2010இல் 18ஆவது அந்தக் கட்டை அவிழ்த்து, ஒருவர் எத்தனை தடவை வேண்டுமானாலும் ஜனாதிபதியாகலாம் என்றது: ஆதரவு 161, எதிர்ப்பு 17. 2015இல் 19ஆவது மறுபடி கட்டியது. பாராளுமன்றம் முழுவதிலும் எதிர்த்து வாக்களித்தவர் ஒரே ஒருவர். 2020இல் 20ஆவது மறுபடி அவிழ்த்தது: 156க்கு 65. 2022இல் 21ஆவது மறுபடி கட்டியது: 179க்கு 1. கட்டும்போதும் அவிழ்க்கும்போதும் உயர்ந்த கைகளில் பல ஒரே கைகள். தேயிலைத் தோட்டத்தில் ஒருவன் இன்றைக்கு நட்டதை நாளைக்குப் பிடுங்கி, மறுநாள் நட்டு, மறுநாள் பிடுங்கினால் அவனைத் துரை வேலையை விட்டு நிறுத்துவார், அல்லது மந்திரிக்கக் கூட்டிப்போகச் சொல்வார். நாட்டில் அவனுக்கு ஓய்வூதியம் கொடுத்தார்கள்.

எங்கள் கைகளும் அதில் இருந்தன. அதைச் சொல்லாமல் போனால் நான் எழுதுவது பாதிக் கணக்கு. 18க்கு வெற்றிலைச் சின்னத்தில் வென்ற மலையகக் கைகளும் உயர்ந்தன. நுவரெலியாவில் யானையில் ஏறி வென்று வெற்றிலையில் இறங்கிய கையும் உயர்ந்தது. 20க்கு, பதுளையில் தொலைபேசிச் சின்னத்துக்கு நாங்கள் போட்ட வாக்கில் பாராளுமன்றம் போன ஒரு கை, தொலைபேசிக்காரர்கள் பலர் எதிர்த்து உட்கார்ந்திருக்கையில் உயர்ந்தது. ‘மக்களின் அபிவிருத்திக்காக’ என்று விளக்கம் சொல்வது இங்கே வழக்கம். அபிவிருத்தி எந்த லயத்துக்கு வந்தது என்று கேட்டால், பாதைக்குக் கொங்கிறீட் போட்டதைக் காட்டுவார்கள். அந்தப் பாதை சரியாகக் கோயிலடி வரைக்கும் போகும். அங்கேதான் திறப்புவிழாக் கல் இருக்கிறது.

அந்த 20இல் ஒரு சின்னச் சங்கதி. இரட்டைப் பிரசாவுரிமை உள்ளவர் பாராளுமன்றத்துக்கு வரமுடியாது என்று 19 போட்ட தடையை 20 எடுத்தது. அமெரிக்கப் பிரசாவுரிமையும் வைத்திருந்த பசில் ராஜபக்ஷ அடுத்த வருசமே உள்ளே வந்து நிதி அமைச்சரானார். என் தாத்தா ஒரே ஒரு பிரசாவுரிமைக்காக நாற்பது வருசம் கந்தோர் வாசலில் நின்று, அது இல்லாமலே செத்தார். ரெண்டு வைத்திருந்தவருக்கு வழி விடுவதற்காக யாப்பைத் திருத்தினார்கள்.

தாத்தாவின் கதைக்கு வருகிறேன். என்னை எழுதவைப்பது அதுதான்.

1947இல் வந்த சோல்பரி யாப்பில் 29ஆம் பிரிவு என்று ஒன்று இருந்தது. எந்த ஒரு சமூகத்துக்கும், மற்றச் சமூகங்களுக்கு இல்லாத தடையை விதிக்கிற சட்டத்தைப் பாராளுமன்றம் இயற்ற முடியாது என்றது அது. சிறுபான்மையின் காவல்தெய்வம் என்றார்கள். யாப்பைத் திருத்த வேண்டுமானால் அன்றைக்கும் மூன்றில் இரண்டு வேண்டும். அந்த வருசத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு இடங்களை வென்றது. நுவரெலியாவில் சௌமியமூர்த்தி தொண்டமான், தலவாக்கலையில் சி. வி. வேலுப்பிள்ளை. இடதுசாரிகளுக்கும் எங்கள் ஆட்கள் வாக்குப் போட்டார்கள். கொழும்பில் சில பெரிய வீடுகளில் தூக்கம் கெட்டது.

இப்போது சட்டம் படிக்கிற பிள்ளைகளுக்கு ஒரு கேள்வி. ஏறத்தாழ 7 லட்சம் பேரை, நாட்டுச் சனத்தொகையில் பத்தில் ஒன்றுக்கும் மேற்பட்டவர்களை, ஒரே வீச்சில் நாடற்றவர்களாக்க யாப்பில் எத்தனை திருத்தம் வேண்டும்?

ஒன்றுமே வேண்டாம்.

1948 ஆகஸ்ட் 4இல் பிரதமர் டி. எஸ். சேனாநாயக்க பிரசாவுரிமைச் சட்டமூலத்தைக் கொண்டுவந்தார். ஆகஸ்ட் 20இல் அது நிறைவேறியது. நவம்பர் 15இல் நடைமுறைக்கு வந்தது. சுதந்திரம் கிடைத்து 285 நாள். 29ஆம் பிரிவில் ஒரு காற்புள்ளியைக்கூட யாரும் தொடவில்லை. ‘இந்தியத் தமிழன்’ என்ற சொல்லே சட்டத்தில் கிடையாது. தகப்பன் இலங்கையில் பிறந்ததை நிரூபி, அல்லது பாட்டனும் பூட்டனும் பிறந்ததை நிரூபி என்று எல்லாருக்கும் பொதுவாகச் சொன்னது சட்டம். கொழும்பில் யாரும் போய் நிரூபிக்கவில்லை, யாரும் கேட்கவுமில்லை. பிறப்புப் பதிவே ஒழுங்காக நடக்காத லயத்துக்காரனிடம் கேட்டார்கள். 1949இல் தேர்தல் சட்டத்தைத் திருத்தி, பிரசைக்கு மட்டும்தான் வாக்கு என்றார்கள். முடிந்தது. வாசற்கதவுக்கு 29 என்று பெரிய பூட்டு. பூட்டுக்கு எண்ணெய் போட்டு மினுக்கி வைத்துவிட்டு, உள்ளே இருந்தவனைப் பார்த்து ‘நீ இந்த வீட்டுக்காரனே இல்லையே’ என்றார்கள். 1947இல் ஏழு இடம். 1952இல் பூச்சியம்.

வடக்குத் தலைமையில் ஜி. ஜி. பொன்னம்பலம் பிரசாவுரிமைச் சட்டத்தை எதிர்த்துப் பேசிவிட்டு அமைச்சரவைக்குள் போய் உட்கார்ந்தார். செல்வநாயகம் அவரைப் பிரிந்து வந்து 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். நன்றி மறக்கக்கூடாது. மறதியையும் மறக்கக்கூடாது.

கேகாலைப் பக்கத்துக் கோடாகன் பிள்ளை என்பவர், ‘என் பெயரை வாக்காளர் பட்டியலில் ஏன் சேர்க்கவில்லை, 29ஆம் பிரிவு இருக்கிறதே’ என்று வழக்குப் போட்டார். வழக்கு, அன்றைக்கு இறுதி மேன்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் கோமறைக் கழகம் வரை போயிற்று. 1953இல் அங்கே தொப்பி வைத்த கனவான்கள் தீர்ப்புச் சொன்னார்கள்: ஒரு நாடு தன் பிரசைகள் யார் என்று தீர்மானிப்பது எந்தச் சமூகத்துக்கும் தடை விதிப்பதாகாது. தேயிலையை அவர்கள் நாட்டுக்குத்தான் நாங்கள் அனுப்பிக்கொண்டிருந்தோம். தீர்ப்பு எழுதின மேசையிலும் ஒரு கோப்பை இருந்திருக்கும்.

இன்னும் கேளுங்கள். 1964 மே மாதம் வேறொரு வழக்கில் அதே கோமறைக் கழகம் 29ஆம் பிரிவைப் பற்றி ஒரு பெரிய வார்த்தை சொன்னது: அந்தப் பாதுகாப்பு, சமூகங்கள் தமக்குள் இணங்கி யாப்பை ஏற்றுக்கொண்டதன் அடிப்படை, ஆகவே மாற்றவே முடியாதது என்று. அதே 1964 ஒக்டோபர் 30இல் இரு நாட்டுப் பிரதமர்கள் ஸ்ரீமாவோவும் லால் பகதூர் சாஸ்திரியும் டில்லியில் உட்கார்ந்து எங்களைப் பிரித்தார்கள். மொத்தம் 9,75,000 பேர். இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, மீதி 1,50,000 பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஓரமாக வைத்தார்கள், பத்து வருசம் கழித்து அதையும் ஆளுக்கு 75,000 என்று பாதியாக வெட்டினார்கள். கழிவுகூடப் பிடிக்கவில்லை. ஒப்பந்தத்தில் எங்கள் ஆள் ஒருவரின் கைநாட்டும் இல்லை. அட்டன் நிலையத்திலிருந்து தலைமன்னாருக்குப் போன ரயிலுக்கு எங்கள் ஊரில் ‘ஒப்பாரிக் கோச்சி’ என்று பெயர். மாற்றவே முடியாத பாதுகாப்பு பத்திரமாக யாப்பில் இருக்க, பாதுகாக்கப்பட்டவன் கோச்சிப் பெட்டியில் தகரப்பெட்டி மேல் உட்கார்ந்து அழுதுகொண்டு போனான்.

1972இல் அந்த 29உம் போயிற்று. திருத்தவில்லை, திருத்த முடியாது என்றுதான் லண்டனில் சொல்லிவிட்டார்களே. பாராளுமன்ற உறுப்பினர்கள் எழுந்து நவரங்கஹல மண்டபத்துக்குப் போய் உட்கார்ந்து, ‘நாங்கள் இப்போது அரசியல் நிர்ணய சபை’ என்று தமக்குத் தாமே பெயர் மாற்றிக்கொண்டு, புது யாப்பு எழுதினார்கள். பூட்டைத் திறக்க முடியவில்லையா, வீட்டையே விட்டுவிட்டுப் பக்கத்தில் வேறு வீடு கட்டு. பழைய வீட்டுக்குள் யார் இருந்தார்கள் என்று பார்க்க ஆளில்லை. பார்த்திருந்தாலும் வீடு ஏற்கெனவே காலி.

தாத்தா 1951இல் விண்ணப்பம் போட்டார். கலியாணம் ஆனவன் ஏழு வருசம், ஆகாதவன் பத்து வருசம் இடைவிடாமல் இலங்கையில் இருந்ததைக் காட்ட வேண்டும் என்பது 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின் கணக்கு. தாத்தா கலியாணம் ஆனவர். கலியாணம் மாடசாமி கோயில் மரத்தடியில் தப்பு முழங்க நடந்தது, முந்நூறு பேர் சோறு தின்றார்கள், பதிவு இல்லை. ஒரு கந்தோரில் ஒரு உத்தியோகத்தர் கேட்டாராம், “கலியாணம் ஆனதுக்கு அத்தாட்சி என்ன?” தாத்தா பக்கத்தில் நின்ற அப்பாயியைக் காட்டினாராம். அவள் இடுப்பில் ஒரு பிள்ளை, வயிற்றில் ஒரு பிள்ளை. “இது அத்தாட்சி இல்லை” என்று எழுதி அனுப்பினார்கள். அந்தக் காகிதம் இன்னும் எங்கள் தகரப்பெட்டியில் இருக்கிறது. கறையான் ஒரு மூலையைத் தின்றுவிட்டது. முத்திரையை மட்டும் தொடவில்லை. அரசாங்க முத்திரைக்குக் கறையான்கூடப் பயப்படுகிறது.

மிஞ்சிக் கிடந்தவர்களுக்கு 1988இல் ஒரு சட்டம், அதிலும் தப்பிப்போனவர்களுக்கு 2003இல் ஒரு சட்டம் என்று கடைசியில் பிரசாவுரிமை வந்தது. எடுப்பதற்கு 16 நாள் விவாதம். கொடுப்பதற்கு 55 வருசம். தாத்தா அதைப் பார்க்கவில்லை. அப்பாயிக்கு அடையாள அட்டை வந்தபோது அவளுக்குக் கண் தெரியவில்லை, தடவிப் பார்த்துவிட்டு “பிளாஸ்டிக்கா?” என்றாள்.

எங்களை வெட்ட யாப்பைத் திருத்த வேண்டியிருக்கவில்லை என்கிறேனே, அப்படியானால் எங்களுக்கு எதைக் கொடுக்கவாவது ஏதாவது திருத்தினார்களா? 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தில் 33ஆம் பிரிவு இருந்தது. அதைக் காட்டி, பிரதேச சபைப் பணம் தோட்டத்துக்குள் வரமுடியாது என்றார்கள். வாக்குப் போடலாம், உறுப்பினரைத் தெரிவு செய்யலாம், அவர் சபையில் உட்காரலாம். தன் லயத்து வாசலில் ஒரு விளக்குக் கம்பம் நட அவர் கை நீளக்கூடாது. இதைத் திருத்த மூன்றில் இரண்டு வேண்டாம், மக்கள் தீர்ப்பு வேண்டாம். சாதாரணப் பெரும்பான்மை போதும். 2018 வரை, 31 வருசம், அந்தப் போதும் போதவில்லை. அதே 31 வருசத்தில் யாப்பை எத்தனை தடவை திருத்தினார்கள் என்று மேலே போய் எண்ணிப் பாருங்கள்.

ஆயிரம் ரூபாயை எடுங்கள். 2015 தேர்தல் மேடையில் முழங்கிய நாட்சம்பளம். 2016இல் அடிப்படை 500. 2019இல் 700. 2021 மார்ச்சில்தான் வர்த்தமானியில் 1,000 வந்தது. வந்ததும் கம்பனிகள் நீதிமன்றம் போயின. பல தோட்டங்களில் கிலோவைக் கூட்டினார்கள். ஆயிரம் வருமுன் அரிசி விலை ஏறிவிட்டது. வந்த பிறகு நாடே வங்குரோத்தானது. 2024 மே தினத்துக்கு முதல்நாள் 1,700 என்று வர்த்தமானி, மறுபடி நீதிமன்றம், கடைசியில் செப்டெம்பரில் 1,350. 19, 20, 21 என்று ஜனாதிபதியின் அதிகாரத்தை மூன்று தடவை கட்டி அவிழ்த்துக் கட்டிய அதே காலத்தில், ஒரு பொம்பளையின் ஒருநாள் கூலியை ஓர் ஆயிரம் ரூபாய்த் தாளுக்குக் கொண்டுவர இத்தனை இழுபறி. யாப்பு நெகிழ்ச்சியானது. செக்ரோல்தான் இறுக்கமானது. அதைத் திருத்த எத்தனை பங்கு பெரும்பான்மை வேண்டும் என்று எந்த உறுப்புரையிலும் எழுதவில்லை.

இப்போது புது யாப்பு என்கிறார்கள். 2024 நவம்பரில் தேசிய மக்கள் சக்திக்கு 159 இடம் கிடைத்தது. பக்கத்து மலையில் கொழுந்து ஆயத் தேவையில்லாத அளவு. நிறைவேற்று ஜனாதிபதி முறையை ஒழிப்போம் என்று 1994இல் சந்திரிகா சொன்னதிலிருந்து அந்த வாக்குறுதிக்கு வயது முப்பதைத் தாண்டிவிட்டது. பெண் கொடுக்கிற வயது. 2000 ஆகஸ்டில் சந்திரிகா கொண்டுவந்த யாப்பு வரைவை எதிர்க்கட்சிக்காரர்கள் பாராளுமன்றத்துக்குள்ளேயே கொளுத்தினார்கள். 2016இல் பாராளுமன்றம் அரசியலமைப்புச் சபையாகியது. மாவட்டம் மாவட்டமாக மக்கள் கருத்தைக் கேட்டார்கள். எங்கள் பக்கத்திலும் போய்ச் சொன்னார்கள். காணி, வீடு, முகவரி என்று சொன்னார்கள். அறிக்கை வந்தது. யாப்பு வரவில்லை. முகவரியும் வரவில்லை, எங்கள் வளவுக்கு வருகிற கடிதம் இன்னும் தோட்டக் கந்தோர் மேசையில் மூன்று நாள் இளைப்பாறிவிட்டுத்தான் வருகிறது. புது யாப்பு தபாலில் வந்தாலும் அப்படித்தான் வரும்.

போன கிழமை மேல்மலையில் கவ்வாத்து. ஆம்பளைகள் வெட்டிப்போட்டுக்கொண்டே போக, பின்னால் பொம்பளைகள் வெட்டுண்ட குச்சியை, மிலாறை, பொறுக்கினார்கள். கவ்வாத்தில் கத்திக்காரனுக்குப் பேர், கம்பனிக்குப் புதுத் துளிர். எங்களுக்கு மிலாறு, அடுப்புக்கு. அதையும் எடுக்கக்கூடாது, மண்ணுக்கு உரமாகக் கிடக்கட்டும் என்று கங்காணி ஒரு சத்தம் போட்டார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மழை தூறிக்கொண்டிருந்தது. சித்தி தலையில் கட்டோடு இறங்கி வந்தாள். ஈர மிலாறு, அவள் உயரத்துக்கு இரண்டு மடங்கு. கீழே ரோட்டில் ஒலிபெருக்கி கட்டின வான் ஒன்று புதிய யாப்பு, புதிய யுகம் என்று சொல்லிக்கொண்டு அட்டன் பக்கம் போனது.

“என்னாடா சொல்றான்?”

“புதுசா யாப்பு எழுதப் போறாங்களாம் சித்தி.”

கட்டை இறக்கிக் குந்தி உட்கார்ந்து, கையில் குத்தின சிம்பைப் பல்லால் பிடுங்கித் துப்பினாள்.

“பெரிய பொஸ்தகமா வருமா?”

“வரும்.”

“தாளு தடிப்பா, மெல்லிசா?”

“ஏன் கேக்குறீங்க?”

“மெல்லிசுன்னா ஒண்ணு வாங்கியா. இந்த ஈர மிலாறு பத்தவே மாட்டேங்குது.”